உஷார்! பழைய பொம்மைக் காரில் உப்புத்தாளை வைக்காதீர்கள்

கொச்சியில் மட்டாஞ்சேரி அரண்மனையிலிருந்து பரதேசி ஜெபாலயம் வரை நீளும் யூதத் தெருவில், ஒரு காலத்தில் மிளகும் சுக்கும் அடைத்து வைத்த கிடங்குகள் பல இன்று பழம்பொருள் கடைகளாகிவிட்டன. பித்தளை விளக்குக்கும் மரப்பெட்டிக்கும் நடுவே உள்ளங்கை அளவு உலோகக் கார் ஒன்று, பெயிண்ட் உதிர்ந்து கண்ணில் பட்டால், வாங்கிப் போய்ப் புதுசாக்கிவிட வேண்டும் என்று கை பரபரக்கும். தாராளமாக வாங்குங்கள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு தேய்க்க உட்காராதீர்கள். தவழும் குழந்தையோ கர்ப்பிணியோ இருக்கும் வீடு என்றால் அந்த வேலையே வேண்டாம்.

காரணம், ஈயம். டிங்கி, கார்கி, மேட்ச்பாக்ஸ் என்று நாம் தேடி அலையும் கார்களும், டிங்கியின் பழைய அச்சுகளைக் கொண்டு கல்கத்தாவில் வார்த்த நிக்கி கார்களும், பெயிண்டில் ஈயம் சேர்ப்பது சர்வசாதாரணமாக இருந்த காலத்தவை. மஞ்சளும் ஆரஞ்சும் இன்னும் மோசம். அந்த நிறங்களையே பெரும்பாலும் ஈயக் குரோமேட்டிலிருந்துதான் எடுத்தார்கள். அதில் ஈயத்தோடு புற்றுநோய் உண்டாக்கும் குரோமியமும் இருக்கிறது. கார் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும்வரை பெரிய ஆபத்து இல்லை. உப்புத்தாள் பட்டதும் பெயிண்ட் தூளாகிறது. அந்தத் தூள் மேசையிலிருந்து தரைக்கும், தரையிலிருந்து பாய்க்கும், உங்கள் லுங்கியிலிருந்து குழந்தையின் கைக்கும், கையிலிருந்து வாய்க்கும் போகிறது. மழைக்காலத்தில் சன்னலைச் சாத்திக்கொண்டு சின்ன அறையில் தேய்த்தால் கேட்கவே வேண்டாம்.

உடம்பில் ஈயம் இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். விழுங்கும் ஈயத்தில் பெரியவர்களின் உடல் ஏற்பதைப் போல 4 முதல் 5 மடங்கு குழந்தையின் உடல் ஏற்றுக்கொள்ளும். பெரும்பாலும் காய்ச்சலோ வாந்தியோ வந்து எச்சரிக்காது. படிப்பிலும் கவனத்திலும் பின்தங்கிய பிறகு தெரியவரும். போன மூளைத்திறன் திரும்பாது. யூனிசெஃபும் ப்யூர் எர்த் அமைப்பும் 2020-இல் வெளியிட்ட அறிக்கை, உலகக் குழந்தைகளில் மூவரில் ஒருவருக்கு, சுமார் 80 கோடிப் பேருக்கு, ரத்தத்தில் ஈயம் கவலைக்குரிய அளவில் இருப்பதாகச் சொல்கிறது. அவர்களில் பெரும் பங்கு தெற்காசியப் பிள்ளைகள்.

பழைய பெயிண்டுக்கு மட்டும் பயந்தால் போதாது. 2007 ஆகஸ்டில் மேட்டல் நிறுவனம் 'கார்ஸ்' படத்தின் 'சார்ஜ்' பொம்மைக் காரை, உலகமெங்கும் 4,36,000 எண்ணிக்கையில் திரும்பப் பெற்றது. பெயிண்டில் ஈயம் இருந்ததே காரணம். அவ்வளவு பெரிய நிறுவனத்தின் கண்ணிலேயே மண் தூவிய விஷம் இது. இந்தியாவில் 2017 நவம்பர் 1 முதல் வீட்டு, அலங்காரப் பெயிண்டுகளில் ஈயம் 90 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது. நாம் பொம்மைக் காருக்கு அடிப்பது வீட்டுப் பெயிண்டையா? பட்டறையில் மிஞ்சிய வண்டிப் பெயிண்டை அல்லவா கேட்டு வாங்கி வருகிறோம்! அந்த விதி அதைத் தொடுவதில்லை. அது ஹார்டனர் கலந்து அடிக்கும் 2கே பெயிண்டாக இருந்தால் இன்னொரு வினை: அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கும். ஸ்ப்ரே செய்யும்போது அதைச் சுவாசித்தால் வாழ்நாள் ஆஸ்துமா வரலாம். துணி மாஸ்க் எதற்கும் உதவாது. என்-95 மாஸ்க் தூளைத் தடுக்கும். தின்னர் ஆவியைத் தடுக்காது.

தேய்க்க வேண்டாம், ரிமூவர் போட்டு உரித்துவிடலாம் என்று நினைக்கிறீர்களா? டப்பாவில் மெத்திலீன் குளோரைடு அல்லது டைகுளோரோமீத்தேன் என்று இருந்தால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். அமெரிக்காவில் 2000 முதல் 2011 வரை, குளியல் தொட்டிகளின் பெயிண்டை இந்த ரசாயனத்தால் உரித்த தொழிலாளர்களில் 13 பேர் இறந்தார்கள். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. மூடிய குளியலறையில் கீழே தேங்கி நிற்கும். உடம்புக்குள் போய் கார்பன் மோனாக்சைடாகவும் மாறும். வாசனை போகட்டும் என்று நம் ஆட்கள் இந்த வேலைக்குப் போய் உட்காருவதும் குளியலறையில்தான்.

காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊற வைக்கும் வழக்கமும் உண்டு. இந்தக் கார்களின் உடல் துத்தநாகக் கலவை. காஸ்டிக் அதையும் அரிக்கும். எளிதில் தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயு கிளம்பும். அலுமினியப் பாத்திரத்தில் வைத்துக் கொதிக்கவிட்டால் பாத்திரத்தையே தின்றுவிடும். ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். சமையல் பாத்திரத்தையும் ஓவனையும் இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது. புளோ டார்ச்சால் பெயிண்டை எரித்து எடுப்பது ஈயத்தையே புகையாக்கி மூச்சில் ஏற்றுவதாகும்.

வாங்கும்போதும் கவனம் தேவை. வார்ப்பு உலோகத்தில் துளி ஈயம் கலந்திருந்தாலும், வருடங்கள் போகப் போக அந்த உலோகம் உள்ளுக்குள் விரிசல் விட்டு, உப்பி, கடைசியில் கையோடு உதிரும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கிகளில் இந்தச் சீக்கு அதிகம். வெக்கையும் ஈரமும் அதை விரட்டி வளர்க்கும். கொச்சியில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. இதற்கு மருந்தே கிடையாது. புதுப் பெயிண்ட் பளபளக்கும் பழைய கார் என்றால், விரிசலை மறைத்திருக்கிறார்களா என்று அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்.

என் கருத்தைக் கேட்டால், பெயிண்டை அப்படியே விடுங்கள். சேகரிப்பவர்கள் மதிப்பதும் உதிர்ந்த அசலைத்தான். மறுபெயிண்ட் அடித்த காருக்கு விலை இறங்கிவிடும். மெல்லிய சோப்புத் தண்ணீரில் துடைத்து, ஈரம் போக உலர்த்தி, பிள்ளைகள் கைக்கு எட்டாத கண்ணாடிப் பெட்டியில் வையுங்கள். பெயிண்ட் அடித்தே தீருவேன் என்பவர் புதிதாக வாங்கிய பிளாஸ்டிக் கிட்டில், தண்ணீரில் கரையும் அக்ரிலிக்கில் அடித்துப் பழகட்டும்.

ஏற்கெனவே வீட்டில் தேய்த்துவிட்டீர்களா? துடைப்பத்தைத் தொடாதீர்கள், சாதாரண வாக்குவம் கிளீனரும் தூளைக் கிளப்பிவிடும். ஈரத் துணியால் தரை, மேசை, சன்னல் விளிம்பு எல்லாவற்றையும் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். அன்று உடுத்தியிருந்ததைத் தனியாகத் துவையுங்கள். பிள்ளையைக் குழந்தை மருத்துவரிடம் அழைத்துப் போய், நடந்ததைச் சொல்லி, ரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அதை உடனே கவனிக்க வேண்டிய அளவாகக் கொள்கிறது.