ஒரு யந்திரத்தைப் பிரித்துப் பூட்டிய கதை

கல்முனையிலிருந்து சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எனத் தெற்கே நீளும் நெடுஞ்சாலையில், பளபளக்கும் ஜப்பானிய வாகனங்களுக்கு நடுவே முதுகு வளைந்த மொறிஸ் மைனர் கார் ஒன்று எப்போதாவது ஊர்ந்து செல்வதைக் காணலாம். அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளர் வடிவமைத்து, 1948ஆம் ஆண்டு இலண்டன் கண்காட்சியில் முதன்முதலாக மக்கள் முன் வைக்கப்பட்ட கார் அது. 10 இலட்சம் என்னும் எண்ணிக்கையைத் தாண்டி விற்பனையான முதல் பிரித்தானியக் காரும் அதுவே. அதன் உற்பத்தி 1970களின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. ஆயினும் நம் நாட்டில் அது இன்னும் ஓடுகிறது. அந்த ஓட்டத்தின் இரகசியம் ஆங்கிலேயரின் தொழிற்சாலையில் இல்லை. நம்மூர்க் கராஜ்களில் இருக்கிறது என்பதை நான் அறிந்துகொண்டது மிகவும் பிந்தித்தான்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் வாகன இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு அந்தக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களின் விலை யாரும் எண்ணிப் பாராத உயரத்துக்கு ஏறிற்று. அந்நாட்களில்தான் வாப்பா விட்டுச் சென்ற மொறிஸ் மைனர் நீலப் புகை கக்கத் தொடங்கியது. விற்கவும் மனமில்லை; வேறொன்று வாங்கவும் வழியில்லை. கடற்கரைப் பக்கம் செல்லும் ஒழுங்கை ஒன்றில், வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவரின் கராஜ் இருக்கிறது. அவரிடம் சென்றேன். "என் கைக்கு இப்போது பலம் போதாது. நீங்கள் கழற்றுவதாயின் நான் பக்கத்தில் இருந்து சொல்லித் தருவேன்," என்றார். இப்படித்தான் எழுதுகோலன்றி வேறெதையும் பிடித்தறியாத இந்தக் கை ஸ்பனரைப் பிடிக்க நேர்ந்தது.

முதலிலே நோய் எதுவென்று காண வேண்டும். பிளக்குகளைக் கழற்றிச் சிலிண்டர்களின் அமுக்கத்தை ஒவ்வொன்றாக அளந்தோம். பின்னர் சிலிண்டர்களுக்குள் சிறிது ஒயிலை ஊற்றி மீண்டும் அளக்கச் சொன்னார். ஒயில் விட்டதும் அமுக்கம் உயருமாயின் தேய்ந்தவை பிஸ்டன் றிங்குகள். உயராவிட்டால் குற்றம் வால்வுகளில். எங்கள் யந்திரத்தில் அமுக்கம் உயர்ந்தது. யந்திரத்தைக் கீழே இறக்கி முழுதாகப் பிரிப்பதைத் தவிர வேறு மார்க்கமில்லை என்று முடிவாயிற்று.

பிரிப்பது எளிது, அதனாலேயே அது ஆபத்தானது. கழற்றக் கழற்ற மனத்திலே ஓர் உற்சாகம் பிறக்கிறது. அந்த உற்சாகத்துக்குக் கடிவாளம் போடுவதே காக்காவின் முதற் பாடமாக இருந்தது. எட்டு வால்வுகளையும் அட்டையொன்றில் துளையிட்டு வரிசையாகக் குத்தி வைத்தோம். அவற்றைத் தள்ளும் கம்பிகளும் அவ்வாறே. ஒவ்வோர் உறுப்பும் தான் இருந்த இடத்துக்கே திரும்பிச் செல்ல வேண்டும். புதிதாக இருக்கையில் ஒன்றுக்கொன்று வேற்றுமையில்லாத இரண்டு துண்டுகள், பல ஆண்டுகள் ஓடியபின் ஒன்றல்ல. ஒவ்வொன்றும் தன் அயலிலுள்ள துண்டுக்கேற்பத் தேய்ந்து படிந்துவிடுகிறது. ஒன்றோடு தேய்ந்ததை மற்றொன்றோடு சேர்த்தால் இரண்டும் கெடும்.

நம் கடற்கரைக்கே உரிய வேறொரு பாடமும் உண்டு. உப்புக் காற்று இரவோடிரவாக இரும்பைத் தின்னும். துடைத்துச் சுத்தமாக்கிய சிலிண்டர்ச் சுவரில் ஒயில் தடவாமல் வீடு சென்றால், விடியலில் அது செம்மண் நிறத்தில் நிற்கும். ஆகவே ஒவ்வொரு மாலையிலும் ஒயில் தடவித் துணியால் மூடிய பின்னரே கராஜை அடைத்தோம்.

அந்த நாட்களில் நான் அடிக்கடி நினைத்துக்கொண்டவர் கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு. 1893ஆம் ஆண்டு கலங்கல் என்ற சிற்றூரில் பிறந்த அவர் பள்ளிப் படிப்பை இளமையிலேயே விட்டவர். ஆங்கில அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு அதன்மேல் தீராத ஆவல் கொண்டார். கோயம்புத்தூர் உணவு விடுதியொன்றில் பணியாளாக வேலை செய்து பணம் சேர்த்தார். அந்த மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார். வாங்கியதும் அவர் செய்த காரியம், அதைத் துண்டு துண்டாகப் பிரித்து மீண்டும் பூட்டிப் பார்த்ததே. அவர் அருகில் சொல்லித் தர யாரிருந்தார்? 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டியதும், இந்தியாவில் தயாரான முதல் மின்மோட்டார் 1937இல் அவருடைய முயற்சியோடு வெளிவந்ததும் பின்னர் நடந்தவை. 1974இல் மறைந்த அந்த மேதையின் வாழ்க்கை முழுவதும், பிரித்துப் பார்க்கத் துணிந்த அந்த ஒரு நாளிலிருந்து கிளைத்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

எனக்கோ அருகில் ஆசான் இருந்தார். இருந்தும் பிழைத்தேன்.

பிஸ்டனைத் தாங்கும் தண்டு, கிராங்கைக் கவ்விப் பிடிக்கும் இடத்தில் இரண்டு பாதிகளாக அமைந்திருக்கும். அடிப்பாதியை மூடி என்பார்கள். தண்டையும் மூடியையும் ஒன்றாகப் பூட்டியே தொழிற்சாலையில் துளை கடைவதால், ஒன்றின் மூடி மற்றொன்றுக்குப் பொருந்தாது. கழற்றுமுன் ஒவ்வொரு சோடியிலும் பஞ்சினால் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி எனக் குத்தி வைக்கும்படி அவர் சொல்லியிருந்தார். இரண்டு சோடிகளுக்குக் குத்தி முடித்தபோது மஃரிப் பாங்கு ஒலித்தது. அவர் தொழுகைக்குச் சென்றார். மற்ற இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்றெண்ணி அடையாளமின்றியே கழற்றி வைத்தேன்.

வாரங்கள் சென்றன. சிலிண்டர்கள் லேத் பட்டறையில் ஆயிரத்தில் 20 பங்கு அங்குலம் கூடுதலாகக் கடையப்பட்டுத் திரும்பின. அவற்றுக்கேற்ற பிஸ்டன்களும் பேரிங்குகளும் கொழும்பிலிருந்து வந்தன. பூட்டத் தொடங்கினோம். ஒவ்வொரு மூடியை இறுக்கியதும் கிராங்கைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய கண்டிப்பான விதி. முதலாவது சுற்றியது, இரண்டாவதும் சுற்றியது. மூன்றாவதை இறுக்கியதும் கிராங் அசைய மறுத்தது. நான் பலத்தைக் கூட்ட முனைந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மூடியைக் கழற்றச் செய்து, விரல் நுனியால் உள்வளைவைத் தடவினார். "மூடி மாறிப் பெய்த்து, தம்பி," என்றார். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மூன்றாவது, நான்காவது மூடிகளை மாற்றிப் பூட்டியதும் கிராங் வழுக்கிக்கொண்டு சுற்றியது. சுற்றிப் பாராமல் பலத்தால் இறுக்கியிருந்தால், சில மைல்களுக்குள் பேரிங் எரிந்து அத்தனை உழைப்பும் செலவும் சாம்பலாகியிருக்கும்.

சிலிண்டர் ஹெட்டின் ஒன்பது நட்டுகளையும் நடுவிலிருந்து வெளிப்புறமாக, படிப்படியாக, 40 இறாத்தல்-அடி அளவுக்கு இறுக்கினோம். பிறகு வால்வுகளின் இடைவெளியை ஆயிரத்தில் 12 பங்கு அங்குலத்துக்குச் சீர்செய்ய வேண்டும். இங்கே அவர் ஓர் அழகிய கணக்கைக் கற்பித்தார். அதன் பெயர் ஒன்பது. எட்டாவது வால்வு முழுதும் திறந்திருக்கையில் ஒன்றாவதைச் சீர்செய்க. ஆறாவது திறந்திருக்கையில் மூன்றாவதை. இரண்டு எண்களையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். பாடசாலையை விட்டு எப்போதோ வந்துவிட்ட அந்த மனிதர், நான்கு சிலிண்டர் யந்திரத்தின் ஒழுங்கு முழுவதையும் ஒரே எண்ணுக்குள் அடக்கி மனத்தில் வைத்திருந்தார்.

இறுதி நாளில் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, முன்புறக் கைப்பிடியால் நெடுநேரம் சுற்றி, ஒயில் எல்லாப் பேரிங்குகளையும் அடையச் செய்தோம். பின்னர் பிளக்குகளைப் பூட்டிச் சாவியைத் திருப்பினேன். இருமுறை செருமியது, மூன்றாம் முறை உயிர் பெற்றது. புகை இல்லை. காக்கா காதை அருகில் வைத்துக் கேட்டுவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ். முதல் 500 மைலுக்கு விரட்டாதீங்க," என்று மட்டும் சொன்னார்.

1977இல் இறக்குமதி தளர்த்தப்பட்டபின் ஜப்பானிலிருந்து பாவித்த வாகனங்களும் யந்திரங்களும் வந்து குவிந்தன. பழுதானதைத் திருத்துவதைவிட, முழு யந்திரத்தையும் தூக்கி எறிந்து வேறொன்றை வைப்பதே இலாபம் என்றாயிற்று. அதில் குற்றம் சொல்ல எதுவுமில்லை. ஆனால் 2020இல் கதவு அடைபட்டபோது நாம் தேடி ஓடியது, இத்தகைய முதியவர்களின் கராஜ்களைத்தான். கதவு திறந்ததும் அவர்களை மறந்துவிடுவோமா? என் ஆசானின் கராஜில் இன்று பழகுநர் எவரும் இல்லை. விரல் நுனியால் பேரிங்கின் வளைவை அறியும் வித்தை எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது ஒரு கை மற்றொரு கைக்குக் கொடுப்பது.

நம் ஊர்களில் பாடசாலை விடுமுறை நாட்களில் பொழுதைக் கழிக்க இடம் தேடும் பிள்ளைகள் பலர். அவர்களுள் ஒருவனையாவது அந்த ஒழுங்கைக்கு அனுப்பி வைக்க நினைத்திருக்கிறேன். போகும்போது அவன் கையில் ஒரு பஞ்சைக் கொடுத்து, பாங்கு ஒலித்தாலும் நான்கு மூடிகளுக்கும் குத்தி முடித்துவிட்டு எழும்பு என்று சொல்லியனுப்புவேன்.