சம்பளமும் கிடையாது, லீவும் கிடையாது! திருவண்ணாமலையில் கேமராவை நம்பி ஓடும் பிழைப்பு

திருவண்ணாமலை,

பவுர்ணமி கிரிவலம், கார்த்திகை தீபம் என்று லட்சக்கணக்கில் கூட்டம் கூடுகிற ஊர் திருவண்ணாமலை. 217 அடி ராஜகோபுரத்துக்கு முன்னால் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளாமல் யாரும் பஸ் ஏறுவதில்லை. ஆனால் அந்த போட்டோவை இப்போது அவரவர் செல்போனிலேயே எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியானால் கேமராவை தோளில் மாட்டிக்கொண்டு பிழைப்பு நடத்துகிற போட்டோகிராபர்கள் என்ன ஆனார்கள்?

அவர்கள் இருக்கிறார்கள். காலையில் பள்ளி மைதானம், மதியம் பிறந்தநாள் வீடு, ராத்திரி கபடி போட்டி என்று ஓடுகிறார்கள். எந்த பத்திரிகையிலும் வேலை கிடையாது. சொந்தமாக ஸ்டூடியோ இருப்பவர்களும் குறைவு. கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் சும்மா. இதைத்தான் 'ப்ரீலான்ஸ்' என்கிறார்கள். இந்த தொழிலில் வரவு என்ன, செலவு என்ன, எடுத்த படம் யாருக்கு சொந்தம் என்பதை பார்ப்போம்.

மாதத்துக்கு ஒரு தொழில்

ப்ரீலான்ஸ் போட்டோகிராபரின் வருமானத்தை முடிவு செய்வது காலண்டர்தான். முகூர்த்த மாதங்களில் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு விழா என்று வேலை வரும். ஆடி, மார்கழி பிறந்தால் முகூர்த்தம் இல்லை. கேமரா பைக்குள் தூங்கும். வீட்டு வாடகை மட்டும் தூங்காது.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் பலர் விளையாட்டு பக்கம் வருகிறார்கள். ஜூலை, ஆகஸ்டு வாக்கில் பள்ளிகளுக்கு இடையே குறுவட்ட போட்டிகள் சூடுபிடிக்கும். அங்கே ஜெயித்தால் மாவட்டம், அதற்கு பிறகு மாநிலம். பொங்கல் வந்தால் கிராமங்களில் கபடி, வாலிபால் போட்டிகள். இந்த பகுதிக்கே உரிய காளை விடும் விழாவும் தை மாதத்தில் ஆரம்பித்துவிடும். கார்த்திகையில் தீபத்திருவிழா.

காளை விடும் விழாவில் படம் எடுப்பது உயிரோடு விளையாடுகிற வேலை. கண்ணை கேமராவில் வைத்துவிட்டால் பக்கத்தில் என்ன வருகிறது என்று தெரியாது. அதனால் அனுபவசாலிகள் ஓடுபாதைக்குள் இறங்குவதே இல்லை. தடுப்புக்கு வெளியே உயரமான இடம் பிடித்து, தூர லென்ஸில்தான் எடுப்பார்கள்.

'ஒரு கிளிக்குத்தானே, இதுக்கு எதுக்கு இவ்ளோ காசு?'

போட்டோகிராபர்கள் அதிகம் கேட்கிற கேள்வி இதுதான். அதற்கு பதில் கணக்கில் இருக்கிறது.

100 மீட்டர் தூரத்தை 11 வினாடியில் ஓடுகிற ஒரு மாணவனை எடுத்துக்கொள்வோம். அவன் ஒரு வினாடியில் 9 மீட்டர் தாண்டுகிறான். கேமராவின் ஷட்டர் ஒரு வினாடியில் 60-ல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், அதற்குள் அவன் 15 சென்டி மீட்டர் நகர்ந்துவிடுவான். படத்தில் முகம் கலங்கிவிடும். அதையே 1,000-ல் ஒரு பங்காக குறைத்தால் அவன் நகர்வது 1 சென்டி மீட்டருக்கும் குறைவு. முகம் பளிச்சென்று விழும்.

ஆனால் ஷட்டர் சீக்கிரம் மூடினால் உள்ளே வருகிற வெளிச்சமும் குறையும். பகல் மைதானத்தில் பிரச்சினை இல்லை. ராத்திரி கபடியில்தான் திண்டாட்டம். அதற்கு வாய் அகலமான லென்ஸ் வேண்டும். எப் 2.8 என்கிற லென்ஸ், சாதாரண எப் 5.6 லென்சைவிட 4 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். 70-200 அளவில் அப்படி ஒரு லென்ஸ் புதிதாக வாங்க லட்ச ரூபாயை தாண்டிவிடும். கேமரா பாடி தனி. மெமரி கார்டு, பேட்டரி, படம் திருத்த கம்ப்யூட்டர் தனி. டிஜிட்டல் கேமராவுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி., 2019 ஜனவரி முதல் 18 சதவீதமாக குறைந்தது. அப்படியும் பலர் வாங்குவது செகண்ட் ஹேண்ட்தான். பெரிய லென்ஸ் தேவைப்பட்டால் நாள் வாடகைக்கு எடுக்கிறார்கள்.

இன்னொரு தொல்லையும் உண்டு. நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரிகிற விளக்கு ஒரு வினாடிக்கு 100 தடவை கண் சிமிட்டும். நம் கண்ணுக்கு தெரியாது, கேமராவுக்கு தெரியும். மைதானத்தில் சாதாரண விளக்கு கட்டியிருந்தால் ஒரு படம் வெளுப்பாகவும் அடுத்த படம் கருப்பாகவும் வரும். அதனால்தான் நூறு படம் எடுத்து பத்து படம் கொடுக்கிறார்கள்.

ஆட்டம் தெரிந்தால்தான் படம்

கேமரா மட்டும் போதாது, விளையாட்டும் தெரிய வேண்டும். ஆண்கள் கபடி மைதானம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பாடிப்போகிறவருக்கு 30 வினாடிதான் நேரம். அந்த 30 வினாடியில் அவர் எந்த மூலைக்கு போவார், யார் காலை பிடிப்பார் என்று முன்கூட்டியே கணக்கு போடாவிட்டால் முதுகுதான் படத்தில் விழும்.

எங்கே உட்காருகிறோம் என்பதும் முக்கியம். இதற்கு உலகம் அறிந்த உதாரணம் உண்டு. 1965 மே 25-ந்தேதி அமெரிக்காவின் லூயிஸ்டன் நகரில் நடந்த குத்துச்சண்டையில், முகமது அலி முதல் ரவுண்டிலேயே சோனி லிஸ்டனை வீழ்த்தினார். கீழே கிடந்தவரை பார்த்து அலி கத்துகிற அந்த புகழ்பெற்ற படத்தை எடுத்த நீல் லைபருக்கு அப்போது வயது 22. அந்த படத்தை உற்றுப்பார்த்தால் அலியின் கால்களுக்கு இடையே எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கும் இன்னொரு போட்டோகிராபர் தெரிவார். அவர் லைபரைவிட அனுபவசாலி. ஆனால் அவருக்கு தெரிந்தது அலியின் முதுகுதான்!

நம்ம ஊரிலும் இதுவே கதை. தீபத்தன்று மாலையில் அர்த்தநாரீஸ்வரர் வெளியே வந்து காட்சி தருவது சில நிமிடங்கள்தான். அதே நேரம் 2,668 அடி உயர மலை உச்சியில் மகாதீபம் ஏற்றப்படும். இரண்டையும் ஒரே ஆள் எடுக்க முடியாது. கீழேயா, மேலேயா என்று முதல் நாளே முடிவு செய்ய வேண்டும். மேலே போகவும் எல்லா ஆண்டும் வாய்ப்பு கிடைப்பதில்லை. 2024 டிசம்பர் 1-ந்தேதி பெஞ்ஜல் புயல் மழையால் மலையில் மண் சரிந்து 7 பேர் பலியானார்கள். அதனால் அந்த ஆண்டு டிசம்பர் 13-ந்தேதி தீபத்தன்று மலை ஏற பக்தர்களுக்கு அனுமதி இல்லை.

வெளிநாட்டு போட்டோகிராபர் வந்த ஊர்

முகம் எடுப்பதிலும் திருவண்ணாமலைக்கு பெரிய சரித்திரம் உண்டு. ரமண மகரிஷியின் மார்பளவு படத்தை பார்க்காதவர் இருக்க முடியாது. கண்ணோடு கண் பார்ப்பது போல இருக்கும் அந்த படத்தை 1946-ம் ஆண்டு எடுத்தவர் பெங்களூரை சேர்ந்த ஜி.ஜி.வெல்லிங். இன்றும் வீடுகளிலும் கடைகளிலும் மாட்டியிருக்கிறது. எடுத்தவர் பெயர் எத்தனை பேருக்கு தெரியும்?

1950-ல் ரமணர் நோய்வாய்ப்பட்டிருந்தபோது இங்கு வந்தவர் பிரான்ஸ் நாட்டின் ஹென்றி கார்த்தியே-பிரசோன். ஏப்ரல் 14-ந்தேதி இரவு 8.47 மணிக்கு ரமணர் மறைந்தபோது அவர் இந்த ஊரில்தான் இருந்தார். வானத்தில் ஒரு ஒளி நகர்ந்ததை பார்த்து மணியை குறித்துக்கொண்டதாக அவர் சொல்லியிருக்கிறார். 1948-ல் காந்தி சுடப்படுவதற்கு சற்று முன்பு அவரை படம் எடுத்தவரும் இவரே.

இவரும் மாத சம்பளக்காரர் அல்ல. 1947-ல் ராபர்ட் காப்பா, டேவிட் செய்மோர், ஜார்ஜ் ரோட்ஜர் ஆகியோருடன் சேர்ந்து 'மேக்னம்' என்ற கூட்டுறவு அமைப்பை தொடங்கினார். படத்தின் உரிமை பத்திரிகை முதலாளிக்கு போகக்கூடாது, எடுத்தவரிடமே இருக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

படம் யாருக்கு சொந்தம்?

இந்தியாவிலும் இதற்கு சட்டம் இருக்கிறது. 1957-ம் ஆண்டு காப்புரிமை சட்டப்படி, போட்டோவை எடுத்தவரே அதன் படைப்பாளி. பள்ளி மைதானத்துக்கு நீங்களாகவே போய் எடுத்த படம் உங்களுக்கு சொந்தம். ஆனால் ஒருவர் காசு கொடுத்து எடுக்கச்சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் முதல் உரிமை காசு கொடுத்தவருக்கு. கல்யாண படம் கல்யாண வீட்டுக்கு சொந்தம். அதை அவர்களை கேட்காமல் விளம்பரத்துக்கு போட்டால் வம்பு.

உரிமையை விற்பதாக இருந்தால் எழுத்தில்தான் விற்க முடியும். வாய்ப்பேச்சு செல்லாது. எத்தனை வருடத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 வருடம் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். உரிமை கைமாறினாலும், 'இது நான் எடுத்த படம்' என்று சொல்லும் உரிமை எடுத்தவரை விட்டு போகாது. 2012-ல் சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி போட்டோவுக்கான காப்புரிமை எடுத்தவரின் ஆயுள் முழுவதும், அதற்கு பிறகு 60 வருடமும் நீடிக்கும். தெரிந்தே திருடினால் 6 மாதம் முதல் 3 வருடம் வரை ஜெயில் என்றும் சட்டத்தில் இருக்கிறது.

நடப்பது வேறு. வாட்ஸ் அப்பில் ஒரு படம் போனால் அரை மணி நேரத்தில் பத்து பக்கத்தில் வந்துவிடும், பெயரை வெட்டிவிட்டு. கோர்ட்டுக்கு அலைய யாருக்கு நேரம்? அதனால் சில முன்னெச்சரிக்கைகளை செய்துகொள்வது நல்லது:-

* கேமரா மெனுவிலேயே உங்கள் பெயரை பதிவு செய்துவிடுங்கள். ஒவ்வொரு படத்துக்குள்ளும் அது ஒளிந்திருக்கும்.

* ஒரிஜினல் 'ரா' பைலை யாருக்கும் கொடுக்காதீர்கள். எடுத்தவர் நீங்கள்தான் என்பதற்கு அது நல்ல ஆதாரம்.

* அட்வான்ஸ் வாங்காமல் தேதி கொடுக்காதீர்கள். தொகை, எத்தனை படம், எப்போது தருவது என்பதை ஒரு பேப்பரில் எழுதி இருவரும் கையெழுத்து போடுங்கள்.

* சிறுவர், சிறுமிகள் படத்தை இணையத்தில் போடும் முன் பெற்றோரிடம் கேளுங்கள். கிரிவலப்பாதையில் சாமியார்களை எடுத்தாலும் சம்மதம் கேட்பதே மரியாதை.

விழுந்தால் யார் தூக்குவது?

ப்ரீலான்ஸ் தொழிலில் பி.எப்., இ.எஸ்.ஐ. எதுவும் இல்லை. கீழே விழுந்து கை உடைந்தால் வருமானமும் உடைந்தது. மத்திய அரசின் சுரக்ஷா பீமா திட்டத்தில் வருடத்துக்கு 20 ரூபாய் கட்டினால், விபத்தில் உயிரிழந்தால் குடும்பத்துக்கு 2 லட்ச ரூபாய் கிடைக்கும். 18 முதல் 70 வயது வரை வங்கிக்கணக்கு உள்ள யாரும் சேரலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'இ-ஷ்ரம்' தளத்திலும் அமைப்புசாரா தொழிலாளியாக பதிவு செய்துகொள்ளலாம். இவை மனிதனுக்குத்தான். கேமராவுக்கு தனியாக இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும்.

செல்போனால் முடியாதது

பாஸ்போர்ட் போட்டோ தொழில் பாதி படுத்துவிட்டது. பாஸ்போர்ட் சேவை மையத்திலும் ஆதார் மையத்திலும் அவர்களே அங்கேயே படம் பிடித்துவிடுகிறார்கள். கோயிலுக்குள் செல்போனுக்கு தடை விதிக்க 2022 டிசம்பரில் ஐகோர்ட்டு உத்தரவிட்டது. அதனால் போட்டோகிராபர்களுக்கு தனியாக வேலை வந்துவிடவும் இல்லை.

ஆனால் ஒரு வேலை மட்டும் அவர்களை தேடி வந்துகொண்டே இருக்கிறது. வீட்டில் பெரியவர் யாராவது இறந்துபோனால், படத்திறப்புக்கு ஒரு நல்ல படம் வேண்டும் என்று குடும்பத்தார் ஓடி வருவார்கள். கையில் இருப்பது ரேஷன் கார்டு படமோ, கல்யாண கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் நிற்கும் தலையோதான். செல்போன் முழுக்க ஆயிரம் படம் இருக்கும், அப்பாவின் முகம் மட்டும் இருக்காது. வாழ்நாள் முழுக்க மூட்டை தூக்கியவர், ஆட்டோ ஓட்டியவர், பூ கட்டியவர் என்று பலருக்கும் தனியாக எடுத்த ஒரு படம்கூட இருப்பதில்லை. அப்போது போட்டோகிராபர் பழைய ஹார்டு டிஸ்க்கை துழாவி, எப்போதோ ஒரு விசேஷத்தில் எடுத்த முகத்தை கண்டுபிடித்து கொடுப்பார். அந்த வேலைக்கு பலர் காசு கேட்பதில்லை.

ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்த பையனுக்கும் அப்படித்தான். சான்றிதழ் பீரோவுக்குள் போய்விடும். சுவரில் மாட்டி வருகிறவர்களிடம் எல்லாம் அம்மா காட்டுவது அந்த ஒரு படத்தைத்தான்.

ஆண்டுதோறும் ஆகஸ்டு 19-ந்தேதி உலக புகைப்பட தினம். 1839-ல் இதே தேதியில்தான் பாரிசில் லூயி டாகுரே கண்டுபிடித்த போட்டோ எடுக்கும் முறை உலகத்துக்கு வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. அதுவரை காத்திருக்க வேண்டாம். அடுத்த தடவை உங்கள் பிள்ளை படத்தை ஸ்டேட்டசில் போடும்போது, கீழே எடுத்தவர் பெயரையும் ஒரு வரி சேர்த்து போடுங்கள். அதைப்பார்த்து நாலு பேர் கூப்பிட்டால், அந்த ஆடி மாதமும் அவர் வீட்டில் அடுப்பு எரியும்.