தட்டுல வைரஸை அடக்குற மருந்து, உடம்புல ஏன் அடக்கலை?

சிறுநீரகம் மாத்திக்கிட்ட ஒருத்தரோட மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்க. எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மாத்திரை இருக்கும். கூடவே வைரஸைத் தடுக்கிற மாத்திரையும் இருக்கும். ஏன் ரெண்டும் சேர்ந்தே வருது? செல்லுக்குள்ள போய்ப் பார்ப்போம்.

வைரஸால தனியா பெருக முடியாது. நம்ம செல்லுல இருக்கிற பொருளை எடுத்துத்தான் தன் மரபணுவை நகல் எடுக்கும். அதுக்குத் தேவையான நாலு வகைத் துண்டுகள்ல ஒண்ணு குவானின். அதை ஞாபகத்துல வெச்சுக்கங்க.

அக்கிக்குக் கொடுக்கிற அசைக்ளோவிர், அந்தக் குவானின் துண்டு மாதிரியே இருக்கும். ஆனா உள்ள போனதும் வேலை செய்யாது. மூணு பாஸ்பேட் ஒட்டணும். முதல் பாஸ்பேட்டை ஒட்டுறது யார் தெரியுமா? அக்கியை உண்டாக்குற ஹெர்பிஸ் வகை வைரஸோட சொந்த நொதி, தைமிடின் கைனேஸ்! மீதி ரெண்டையும் நம்ம செல் ஒட்டிடும். அப்புறம் அது வைரஸோட டிஎன்ஏ சங்கிலியில போய்ச் சேரும். அடுத்த துண்டு வந்து இணையறதுக்கான ஹைட்ராக்சில் அதுல கிடையாது. சங்கிலி அங்கேயே நின்னுடும். வைரஸ் புகாத செல்லுல அந்த முதல் பாஸ்பேட் பெரும்பாலும் ஒட்டுறதே இல்லை, அதனால அந்த செல்லுக்குப் பாதிப்பும் ரொம்பக் குறைவு. மருந்து உலகத்துல இவ்வளவு நேர்த்தியான வேலை அபூர்வம்.

இதை உருவாக்கின குழுவுக்குத் தலைமை தாங்கினவர் கெர்ட்ரூட் எலியன், 1988ல நோபல் பரிசு வாங்கினவர். ஆரம்பகால சிறுநீரக மாற்று சிகிச்சைக்குக் கைகொடுத்த அசத்தியோப்ரின் மருந்தும் அவரும் அவரோட சக ஆய்வாளர் ஹிட்சிங்ஸும் சேர்ந்து கண்டுபிடிச்சதுதான்.

எதிர்ப்பு சக்தியைக் குறைக்க இப்ப பரவலா கொடுக்கிறது மைக்கோபினோலேட். செல் புதுசா குவானின் தயாரிக்கிற வழியையே இது அடைச்சிடும். எதிர்ப்பு சக்தியைத் தர்ற டி செல், பி செல் ரெண்டும் பெருகறதுக்கு அந்த வழியைத்தான் நம்பியிருக்கு. அதுங்க பெருகலைன்னா, புது சிறுநீரகம் தப்பிக்கும்.

ஆய்வுக்கூடத் தட்டுல வளர்த்த செல்லுல இதே மருந்தைச் சேர்த்தா, டெங்கு வைரஸ் பெருகறது அடங்கிடுது, அதுக்கும் குவானின் வேணுமே! அசைக்ளோவிரோட சேர்த்தா ஹெர்பிஸ் மேல அதோட வீரியமும் கூடுது. அசல் குவானின் குறைஞ்சதால, போலிக்குப் போட்டி குறைவு.

அப்படின்னா இது வைரஸ் மருந்தா? அவசரப்படாதீங்க. அந்தத் தட்டுல டி செல் கிடையாது. உடம்புல, தொற்று புகுந்த செல்லைத் தேடி அழிக்கிறதே டி செல்தான். அதை அடக்கினா, உள்ளே தூங்கிட்டிருந்த வைரஸ் எழுந்துக்கும். இந்த மருந்து சாப்பிடுறவங்களுக்கு அக்கியும் சைட்டோமெகலோ வைரஸும் அதிகமா வர்றது அதனாலதான். முதல் சில மாசத்துக்கு வால்கான்சைக்ளோவிர் மாதிரி மருந்து கொடுக்கிறதும் அதுக்குத்தான். தட்டுல வந்த முடிவை மட்டும் வெச்சு, ‘வைரஸுக்கு மருந்து கிடைச்சாச்சு’ன்னு வர்ற செய்தியை நம்பாதீங்க.

மாற்று சிகிச்சை செஞ்சுக்கிட்டவங்க, உடம்புல ஒரு பக்கமா எரிச்சலோட கொப்புளம் கிளம்பினா அன்னைக்கே டாக்டரைப் பாருங்க. காவி பூசி அக்கி எழுதிக்கிட்டு நாளைக் கடத்தாதீங்க. 72 மணி நேரத்துக்குள்ள மருந்து ஆரம்பிச்சா பலன் அதிகம். எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மாத்திரையை நீங்களா நிறுத்தவும் வேண்டாம்.