அகப்பை யார் கையில்? ஏதென்ஸ் மக்களாட்சி இயங்கிய விதம்

கொழும்பு கிராண்ட்பாஸ் தோட்டங்களில் அன்னதானம் என்றால் அத்தனை வீட்டுக்கும் ஒரே குசினிதான். ஒழுங்கையில் கல் கூட்டி, விறகு அடுக்கி, கிடாரத்தை ஏற்றிவிடுவார்கள். என்ன சமைப்பது என்பதில் பெரிய தகராறு வராது. அகப்பை யார் கையில், சேர்த்த காசு யார் மடியில் என்பதில்தான் வரும். பரிமாறுகிறவன் தன்னவன் என்றால் எந்தப் பந்தியில் இருந்தால் என்ன என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்! பழைய ஏதென்ஸை விளங்கிக்கொள்ள இந்தப் பயம் ஒன்று போதும். கி.மு. 508 அளவில் கிளைஸ்தனீஸ் குடிமக்களைப் பத்துப் பிரிவாகக் கலந்து அமைத்த நாள் முதல், அகப்பை ஒரே கையில் தங்கிவிடக்கூடாது என்பதே அவர்களுடைய கவலை.

முதலில் சாமான் துண்டு. நூறு பேர் கூடிநின்று துண்டு எழுத முடியாது. நாலு பேர் எழுதிவந்து வாசித்தால் கூட்டம் வெட்டும், சேர்க்கும். ஏதென்ஸிலும் அதுதான் நடந்தது. பினிக்ஸ் குன்றில் கூடிய மக்கள் சபையில் எந்தக் குடிமகனும் எழுந்து பேசலாம். சில முடிவுகளுக்கு 6,000 பேர் வேண்டும். அங்கே பேச வேண்டியதை முன்கூட்டியே எழுதித் தந்தது 500 பேர் கொண்ட ஆலோசனைச் சபை. பிரிவுக்கு 50 பேர், எல்லாரும் குலுக்கலில் வந்தவர்கள். பதவி ஒரு வருடம், வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் இல்லை. தலைவரோ தினம் ஒருவர். பணமும் ஆவணங்களும் இருந்த கோயில்களின் சாவியும் அரச முத்திரையும் அவர் கையில் ஓர் இரவும் ஒரு பகலும்தான் இருக்கும்.

குலுக்கலில் கள்ளம் நடக்காதா? அதற்கென்றே கல்லில் ஒரு பொறி செய்து வைத்திருந்தார்கள். நிமிர்ந்து நிற்கும் கற்பலகை, அதில் வரிசை வரிசையாகக் கீறல்கள். ஜூரியாக இருக்க வந்தவர் தன் பெயர் பொறித்த தகட்டை அந்தக் கீறலில் செருகுவார். பக்கத்தில் ஒரு குழாய். அதற்குள் கறுப்பும் வெள்ளையுமாகக் கலந்த உருண்டைகள். கீழே வெள்ளை விழுந்தால் அந்த வரிசை முழுவதும் வேலைக்கு, கறுப்பு விழுந்தால் முழு வரிசையும் வீட்டுக்கு. எந்த உருண்டை வரும் என்று முன்கூட்டித் தெரியாதபோது யாருக்கு லஞ்சம் கொடுப்பது? உடைந்த பொறியொன்று ஏதென்ஸ் அகோரா அருங்காட்சியகத்தில் இன்றும் நிற்கிறது.

ஆனால் கிடாரத்துச் சோறு குழையாமல் இறக்கக் கை பழகியவர்தான் வேண்டும். அதனால் படைத்தளபதிகள் பத்துப் பேரை வாக்கெடுத்துத் தெரிவு செய்தார்கள். அவர்கள் மறுபடியும் வரலாம். பெரிக்கிளீஸ் வருடக்கணக்கில் செல்வாக்கோடு இருந்தது இந்தப் பதவியை வைத்துத்தான். குலுக்கல் மக்களாட்சிக்கு உரியது, தேர்தல் சிலராட்சிக்கு உரியது என்பது அரிஸ்டோட்டில் எழுதிய கருத்து. தேர்தல்தான் மக்களாட்சி என்று படித்து வளர்ந்த நாம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது.

சோக்கிரட்டீஸுக்கு இந்த முறையில் நம்பிக்கை இல்லை. கப்பலோட்டியைக் குலுக்கிப் போட்டா எடுப்பீர்கள் என்று கேட்டார். ஆனாலும் கி.மு. 406இல் அதே குலுக்கல் அவரை ஆலோசனைச் சபையில் உட்கார வைத்தபோது, தளபதிகளைச் சட்டத்துக்கு மாறாக ஒரே தீர்ப்பில் தண்டிக்கும் தீர்மானத்துக்கு அவர் இணங்கவில்லை. கி.மு. 399இல் குலுக்கலில் வந்த ஜூரிமார்தான் அவருக்கு மரணத்தண்டனை விதித்தார்கள். அகப்பை கைமாறினால் மட்டும் நீதி வந்துவிடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

விறகு வெட்டியவருக்கும் சட்டி கழுவியவருக்கும் அந்தப் பந்தியில் இலை போடவில்லை. பெண்கள், அடிமைகள், வெளியூரார் எவருக்கும் வாக்கு இல்லை. ஸ்டகிராவில் பிறந்த அரிஸ்டோட்டிலுக்கும் இல்லை. கி.மு. 451இல் பெரிக்கிளீஸ் கொண்டுவந்த சட்டப்படி தாய், தந்தை இருவரும் ஏதென்ஸ்காரராக இருந்தால்தான் பிள்ளை குடிமகன். இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவரான மலையகத்தாரின் பிள்ளைகள் கொழும்பில் நிறையப் பேர். அவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கடைசியாகக் கணக்கு. எனக்கு ஏதென்ஸில் ஆக மதிப்பானது இதுதான். பதவி முடிந்தவர் கணக்குக் காட்டித் தீரும்வரை நாட்டைவிட்டுப் போக முடியாது, சொத்தைக் கைமாற்ற முடியாது. நம்மவர்களும் இதை அறிந்திருந்தார்கள். சோழ அரசன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, கி.பி. 921 அளவில் வெட்டியது, குடவோலை முறையைச் சொல்கிறது. 30 குடும்புகளின், அதாவது ஊர்ப் பகுதிகளின், பெயர் ஓலைகளைக் குடத்தில் இட்டு, ஒன்றும் அறியாத சிறுவனைக் கொண்டு எடுப்பித்தார்கள். முன்பு வாரியம் என்ற ஊர்க் குழுவில் இருந்து கணக்குக் காட்டாதவனுடைய ஓலை குடத்துக்குள்ளேயே போகாது. அவன் நெருங்கிய உறவினர் ஓலையும் போகாது. அங்கும் நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கே இடம். என்றாலும் கணக்கில் அவர்கள் காட்டிய கண்டிப்பு நமக்கு வேண்டும்.

1931 முதல் இந்நாட்டில் பெண்களும் வாக்களிக்கிறார்கள். வாக்குப் போட்ட கையோடு நம் வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். ஆனால் கணக்குக் கேட்க நமக்கும் வழி உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் மாநகர சபையையும் கட்டுப்படுத்தும். உங்கள் ஒழுங்கையின் கானுக்கும் விளக்குக்கும் ஒதுக்கிய காசு எங்கே போனது என்று தகவல் அலுவலரிடம் தமிழிலேயே எழுதிக் கேளுங்கள்.