அக்காரவடிசில்: தளிகையும் கோஷ்டியும்

மார்கழி 27-ஆம் நாள், கூடாரைவல்லி. ஆண்டாள் அவதரித்த ஸ்ரீவில்லிபுத்தூரை வடக்கே அண்மையில் உடைய வாசுதேவநல்லூர்ப் பகுதியிலும், ஸ்ரீவைஷ்ணவர்கள் வாழும் பிற இடங்களிலும் அன்று எம்பெருமானுக்கு உகந்த தளிகை அக்காரவடிசில்.

அக்காரம் என்பது வெல்லம். அடிசில் என்பது சோறு. இடையிலுள்ள வகரம் உடம்படுமெய். ஆகவே 'வடித்தல்' என்பது இச்சொல்லிலும் இல்லை, செய்முறையிலும் இல்லை. பச்சரிசி பாலிலேயே வெந்து குழையவேண்டும். ஒரு பங்கு அரிசிக்கு ஆறு பங்கு பால், இரண்டு பங்கு வெல்லம், ஒரு பங்கு நெய் என்பது நல்ல அளவு. அரிசி நன்றாகக் குழையுமுன் வெல்லம் சேர்த்தால் பின்பு வேகாது. கொதிக்கும் பாலில் சேர்த்தால் பால் திரியும். எனவே வெல்லத்தைத் தனியே கரைத்து, வடிகட்டி, பாகாக்கி, சிறிது ஆறவிட்டு, தணலைத் தணித்த பின்னரே சேர்ப்பது. நெய்யைச் சிறிது சிறிதாக விட்டுக் கிளறி, ஏலம், குங்குமப்பூ, மிகச் சிறிது பச்சைக்கற்பூரம் சேர்த்து இறக்குவது.

இத்தனை நெய்யும் பாலும் எதற்கு? திருப்பாவை இரண்டாம் பாசுரத்தில் ஆய்ச்சியர் விலக்கியவை இவ்விரண்டுமே. 27-ஆம் பாசுரத்தில் அவற்றையே முழங்கை வழிய வேண்டுகின்றனர். அவனைப் பிரிந்திருந்தபோது கழிந்தவை, அவனோடு கூடியபோது உகப்பாயின. ஆகையால் இங்கு உத்தேஶ்யம் உண்கையன்று, கூடியிருக்கையே.

நாச்சியார் திருமொழி ஒன்பதாம் திருமொழியும் இதற்குச் சான்று. திருமாலிருஞ்சோலை நம்பிக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் ஆறாம் பாசுரத்தில் நேர்ந்த ஆண்டாள், அவன் வந்து அமுது செய்யப்பெற்றால் ஒன்றுக்கு நூறாயிரமாகத் தந்து, மேலும் அடிமை செய்வதாக அடுத்த பாசுரத்தில் அருளினாள். நேர்ந்தது விலையாயின் பெற்றவுடன் கணக்கு முடிந்திருக்கும். இங்கோ பெற்ற பின்னரே கொடை பெருகுகிறது.

அந்த நூறு தடாவையும் பிற்காலத்தில் எம்பெருமானார் சமர்ப்பித்து ஸ்ரீவில்லிபுத்தூர் எழுந்தருள, நாச்சியார் அவரைத் தம் அண்ணனாகக் கொண்டாடினாள் என்பது ஸம்ப்ரதாயம். வாக்கு ஒருவருடையது, கைங்கர்யம் மற்றொருவருடையது, உகந்தவன் அழகன்.

ஆதலால் பெருமாள் கண்டருளிய பிரசாதத்தைத் தனித்தனியே ஒதுக்கி உண்பது இப்பாசுரத்திற்குச் சேராது. கோஷ்டியில் கடைசியில் இருப்பவருக்கும் எட்டும்படி விநியோகிக்கவேண்டும். நெய் சிறிது குறைந்தாலும் குறையில்லை. ஓர் அடியவர் விடுபட்டால் அடிசில் நிறைவுறாது.