கை நழுவிய ஒரு நிமிடம்

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் எங்கள் கிருஷ்ணகிரியில் இருவகைச் சுமைகளைக் காணலாம். ஒன்று, மாங்கூழ்த் தொழிற்சாலைகளை நோக்கி வரிசையாகச் செல்லும் லாரிகளில் உள்ள பெங்களூரா மாங்காய்ச் சுமை. மற்றொன்று, பள்ளிக்கூட வாசலை நோக்கி நடக்கும் பிள்ளைகளின் முதுகில் உள்ள புத்தகச் சுமை. 2025ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள், தமிழகமெங்கும் பள்ளிகள் திறந்த திங்கட்கிழமையன்று, நான்காம் வகுப்புக்குச் செல்லும் என் மகனை அழைத்துக்கொண்டு நானும் அத்தகைய ஒரு வாசலில் நின்றேன். மற்ற பெற்றோர் பிள்ளைகளை விட்டுவிட்டு விரைந்து திரும்பினர். எனக்கோ அவன் கையை விட மனம் வரவில்லை. ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு முன் அதே கையை நான் ஒரு நிமிடம் விட்டிருந்தேன். அந்த ஒரு நிமிடத்தைப் பற்றித்தான் பெற்றோர்களாகிய உங்களிடம் மனம்விட்டுச் சொல்ல விரும்புகிறேன்.

ஓய்வில்லாத கோடை

மதரஸா ஆசிரியர்களின் கோடை எப்படிப்பட்டது என்பதை வாசகர்கள் அறிவீர்கள். பள்ளிக்கூடங்கள் மூடியதும் எங்களுக்கு வேலை கூடும். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கோடைக்காலத் தீனியாத் வகுப்புகள் மே மாதத்தில்தான் நடைபெறும். காலையில் ஒரு பிரிவு, மாலையில் ஒரு பிரிவு என்று பிறர் பிள்ளைகளோடு நாள் கழியும். நம் வீட்டுப் பிள்ளைகள் திண்ணையில் அமர்ந்து, "அத்தா, இந்த வருடமாவது எங்கேயாவது போவோமா?" என்று கேட்பார்கள். "இன்ஷா அல்லாஹ், அடுத்த வருடம்" என்று சொல்லிச் சொல்லியே என் மகள் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள்.

இந்த நிலை எனக்கு மட்டும் உரியதன்று. ஓசூர்த் தொழிற்சாலைகளில் ஷிப்ட் முறையில் உழைக்கும் தந்தையரைக் கேட்டால் இதே கதையைத்தான் சொல்வார்கள். எல்லைப் பகுதியில் வாழும் குடும்பங்களுக்கு மற்றொரு சிக்கலும் உண்டு. என் மனைவியின் அக்காள் குடும்பம் பெங்களூரில் இருக்கிறது. கர்நாடகத்தில் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலேயே பள்ளிகளை மூடி மே மாத இறுதியில் திறந்துவிடுவார்கள். இங்கோ ஏப்ரல் கடைசியில்தான் விடுமுறை தொடங்கும். இரு வீட்டுப் பிள்ளைகளுக்கும் பொதுவாகக் கிடைப்பது மே மாதம் மட்டுமே.

இம்முறை மகன் சும்மா கேட்கவில்லை, காரணத்தோடு கேட்டான். கிருஷ்ணகிரி அணைக்கு ஒரு மாலை நேரம் அவனை அழைத்துச் சென்றிருந்தேன். மதகில் வழியும் நீரைக் காட்டி, "இது எங்கே போகிறது அத்தா?" என்றான். "கடலுக்கு" என்றேன். "நாம் போய்ப் பார்க்கலாமா?" என்றான். அதற்கு மறுப்புச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜூன் மாதச் செலவுகளுக்காக ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதியை எடுத்தேன். சகலையும் நானும் பாதிப் பாதியாகப் பகிர்ந்து ஒரு வேனை வாடகைக்கு அமர்த்தினோம். மே மூன்றாம் வாரத்தில் இரண்டு நாட்களுக்கு மட்டும் வகுப்பை உதவி ஆசிரியரிடம் ஒப்படைத்தேன். சுப்ஹு தொழுததும் புறப்பட்டோம்.

ஆற்றின் வழியே

தென்பெண்ணை ஆறு நந்தி மலைப் பகுதியில் தோன்றுகிறது. கர்நாடகத்தில் அதற்குத் தட்சிண பினாகினி என்று பெயர். பெங்களூரின் கிழக்கு ஓரமாக வந்து, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் தேங்கி, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை, திருக்கோவிலூர் ஆகிய இடங்களைக் கடந்து கடலூர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது. நதியின் மொத்த நீளம் ஏறத்தாழ 400 கி.மீ. கடல் இல்லாத எங்கள் மாவட்டத்தைக் கடலோடு இணைப்பது இந்த ஆறுதான்.

ஊத்தங்கரை வழியாக வேன் சென்றபோது, 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலை அடுத்து அங்கே ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியதைப் பிள்ளைகளுக்கு நினைவூட்டினேன். அந்த வெள்ளம் சாத்தனூரைக் கடந்து விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஊர்களுக்குள் புகுந்தது. "நம் ஊர்த் தண்ணீரா அவர்கள் வீட்டுக்குள் போனது?" என்று மகள் கேட்டாள். ஓசூர்ப் பகுதியில் நாம் ஆற்றில் விடும் கழிவும் நுரையும் அவ்வாறே கீழே உள்ளவர்களிடம் போய்ச் சேரும் என்றேன். புத்தகத்தில் ஒரு வாரம் நடத்த வேண்டிய பாடம், ஐந்து நிமிடத்தில் அவர்களுக்கு விளங்கிவிட்டது.

செங்கம், திருவண்ணாமலை, திருக்கோவிலூர்ப் பாலம், பண்ருட்டியில் சாலையோரம் குவிந்து கிடந்த பலாப்பழங்கள் எனப் பயணம் நீண்டது. 200 கி.மீ.க்கு மேல் கடந்து, பிற்பகலில் கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையை அடைந்தோம். லுஹரையும் அஸரையும் பயணத் தொழுகையாகச் சேர்த்துத் தொழுதுவிட்டுக் கரைக்கு இறங்கினோம்.

கடலுக்கும் விடுமுறை

கடலை முதன்முதலாகக் காணும் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பது பெற்றோர்க்குக் கிடைக்கும் பெரும்பேறு. என் மகன் சற்று நேரம் பேசவே இல்லை. பிறகு, "இதற்கு அந்தப் பக்கம் கரை இல்லையா?" என்று மெல்லக் கேட்டான்.

மணலில் மீனவர் சிலர் வலைகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தனர். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்லத் தடை உண்டு. மீன்கள் குஞ்சு பொரித்துப் பெருகுவதற்காக அளிக்கப்படும் காலம் அது. "அப்படியானால் கடலுக்கும் கோடை விடுமுறை!" என்று சகலையின் மகள் கூறியதும் அனைவரும் சிரித்தோம். அந்த விடுமுறையின் காரணமாகவே அன்று கரையில் ஒரு மனிதர் அமர்ந்திருந்தார் என்பதைப் பின்னர்தான் உணர்ந்தேன்.

அந்த ஒரு நிமிடம்

மகன் என் கையைப் பிடித்தபடி கணுக்கால் அளவு நீரில் நின்றான். என் கைப்பேசி ஒலித்தது. மதரஸாவில் பிள்ளையைச் சேர்ப்பது குறித்து ஒரு தகப்பனார் பேசினார். "ஹஜ்ரத், ஒரு நிமிடம்" என்றார். அலையோசையில் அவர் குரல் சரியாகக் கேட்கவில்லை. மறு காதைப் பொத்திக்கொள்வதற்காக மகனின் கையை விட்டேன். அவன் என் சட்டையை இழுத்து ஏதோ கேட்டான். நான் திரும்பாமலேயே "இரு" என்று கையை அசைத்தேன்.

பேசி முடித்துத் திரும்பியபோது அவன் அங்கே இல்லை. பெரியவர் ஒருவர் வலையைப் போட்டுவிட்டு நீருக்குள் ஓடுவதையும், அவருக்கு அப்பால் சிறு தலை ஒன்று தெரிந்து மறைவதையும் கண்டேன். என் மனைவியின் அலறல் கேட்டது. நான் ஓடினேன், ஆனால் ஓடியதாக எனக்கு நினைவில்லை. இடுப்பளவு நீரில் கால் நிலைகொள்ளாமல் நான் தடுமாறிய நேரத்தில், அந்தப் பெரியவர் மகனைத் தோளில் சாய்த்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்து கரையேறினார்.

பிள்ளை இருமினான், வாந்தி எடுத்தான், பிறகு அழுதான். அவன் அழுகையைக் கேட்டபோதுதான் எனக்கு உயிர் வந்தது. மணலில் அமர்ந்து, சுற்றி நின்றவர்களைப் பொருட்படுத்தாமல் நானும் அழுதேன். அல்லாஹ் காப்பாற்றினான். அல்ஹம்துலில்லாஹ்.

அந்தப் பெரியவர் பணம் எதையும் வாங்க மறுத்துவிட்டார். "பாய், புள்ளைய தண்ணியில விட்டுட்டுக் கண்ண வேற பக்கம் வைக்கக் கூடாது. முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வலைக்குத் திரும்பினார். உடனே மருத்துவமனைக்குச் சென்றோம். நுரையீரலுக்குள் நீர் புகுந்திருந்தால் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறல் வரக்கூடும் என்பதால் அன்றிரவு முழுவதும் கண்காணிப்பில் வைத்திருந்தார்கள்.

அமைதியாகத் தெரியும் ஆபத்து

மறுநாள் அந்தப் பெரியவரைத் தேடிச் சென்று நன்றி கூறினேன். அப்போது அவர் ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டினார். இரு புறமும் அலைகள் வெண்ணிறமாக உடைந்துகொண்டிருந்தன. நடுவே மட்டும் ஒரு பட்டை போல நீர் கருமையாக, அமைதியாகத் தோன்றியது. "எங்க அலை இல்லையோ அங்கதான் இழுக்கும்" என்றார்.

கரைக்கு வந்து குவிந்த நீர் மீண்டும் கடலுக்குத் திரும்பும் வழி அது. குறுகிய பாதையில் வேகமாக உள்ளே ஓடும். உள்நாட்டிலிருந்து செல்லும் நாம் அதை அறியாமல், அலையில்லாத இடமே பிள்ளைக்குப் பாதுகாப்பானது என்று எண்ணி அங்கேயே இறக்கிவிடுகிறோம். இழுப்பில் சிக்கியவர் கரையை நோக்கி நேராக நீந்தினால் களைத்து மூழ்குவார். பதறாமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் விலகி, பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும்.

2021ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. 5 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளின் மரணத்திற்கு அது மூன்றாவது முக்கியக் காரணம் என்கிறது அந்நிறுவனம். ஐக்கிய நாடுகள் சபை 2021 முதல் ஜூலை 25ஆம் நாளை நீரில் மூழ்குதலைத் தடுக்கும் நாளாகவே அறிவித்துள்ளது. கடல் மட்டுமல்ல, ஏரியும் கிணறும் கல்குவாரிக் குட்டையும் இக்கணக்கில் அடங்கும். அவை நம் மாவட்டத்திலும் உள்ளவைதாமே!

பள்ளிக்கூட நோட்டில்

வீடு திரும்பும் வழியில், "கடலில் நிற்கும்போது என்ன கேட்டாய்?" என்று மகனிடம் கேட்டேன். "நம் ஆற்றுத் தண்ணீர் எந்தப் பக்கமாக வந்து சேரும் என்று கேட்டேன். நீங்கள் சொல்லவில்லை. அதனால் நானே பார்க்கப் போனேன்" என்றான். அவனை அவ்வளவு தூரம் கடலுக்கு அழைத்து வந்ததே அந்த ஒரு கேள்விதான். விடை கூற ஒரு நிமிடம் போதும். வடக்கே தாழங்குடா இருக்கும் திசையைக் கைகாட்டியிருந்தால் போதும்.

பள்ளி திறந்த முதல் வாரத்தில், கோடை விடுமுறையில் கண்டதைப் பற்றி எழுதி வருமாறு ஆசிரியை கூறியிருந்தார். மகன் எழுதிய நோட்டை மகள்தான் என்னிடம் காட்டினாள். அதில் பிழைகளுக்கிடையே இவ்வாறு எழுதியிருந்தான்: "நான் கடலைப் பார்த்தேன். தண்ணீர் உப்பு. அத்தா அழுததை அன்றுதான் பார்த்தேன். அதற்குப் பிறகு அத்தா போனைப் பையில் வைத்துவிட்டார். ஊர் வரும்வரை என் கையைப் பிடித்திருந்தார். ஆறு கடலில் சேரும் இடத்தை இன்னும் பார்க்கவில்லை."

தான் மூழ்கியதைப் பற்றி அவன் ஒரு வரியும் எழுதவில்லை.

பெற்றோர் கவனத்திற்கு

இனிக் கடற்கரைக்குச் செல்லும் குடும்பங்கள் சிலவற்றை மறக்க வேண்டாம். பிள்ளைகள் நீரில் நிற்கும்போது பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் நின்று, அவர்களைப் பார்ப்பதையே வேலையாகக் கொள்ள வேண்டும். 'எல்லோரும் பார்த்துக்கொள்கிறார்கள்' என்றால் எவருமே பார்க்கவில்லை என்று பொருள். எங்கே இறங்கலாம் என்பதை அவ்விடத்து மீனவரிடம் கேளுங்கள். எச்சரிக்கைப் பலகையை மதியுங்கள். நனைந்த புர்காவும் சேலையும் பளுவாகிக் கால்களைப் பின்னிக்கொள்ளும் என்பதால் பெண்கள் கரையோர ஈரத்தோடு நின்றுகொள்வது நல்லது. நீந்தத் தெரியாதவர் காப்பாற்றக் குதிக்கக் கூடாது. கயிறோ, காற்றடைத்த டியூபோ, மூடிய காலி கேனோ வீசுங்கள். பிள்ளை தேறிவிட்டாலும் மருத்துவரிடம் காட்டத் தவறாதீர்கள்.

எங்கள் தலைமுறையில் மாந்தோப்புக் கிணறுகளில் சுரைக்குடுவையை முதுகில் கட்டி நீச்சல் பழக்கினார்கள். அந்தக் கிணறுகள் பல இன்று வறண்டுவிட்டன, பழக்கமும் நின்றுவிட்டது. என் மகனுக்கும் மகளுக்கும் இவ்வாண்டே நீச்சல் கற்பிப்பதென்று முடிவு செய்துள்ளேன்.

கடல் ஒருநாள் காட்டிய உண்மை வீட்டில் அன்றாடம் நிகழ்வதே. பள்ளிவிட்டு வரும் பிள்ளை சட்டையை இழுத்து ஏதோ கேட்கிறது. நாம் திரும்பாமலேயே "இரு" என்று கையசைக்கிறோம். பதில் கிடைக்காத பிள்ளை தானே தேடிப் போகிறது. எந்த நீருக்குள் போகிறது என்பதை நாம் அறிவதில்லை. பிள்ளைகள் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் என்று மேடைதோறும் பேசுகிறோம். அமானிதத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் வேறு வேலை பார்க்க இயலாது.

இப்போது மாலை மதரஸாவுக்குச் செல்லுமுன் அரைமணி நேரம் என் கைப்பேசி அலமாரியில் உறங்குகிறது. மகன் கேட்கிறான், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், தெரியாததை இருவரும் சேர்ந்து தேடுகிறோம். அல்லாஹ் நாடினால், அடுத்த கோடையில் தாழங்குடாவுக்குச் சென்று தென்பெண்ணை கடலில் கலக்கும் இடத்தை அவனுக்குக் காட்டுவேன். கரையில் நின்று, கையைப் பிடித்தபடி.