ஐஸ்லாந்து மொழியில் உடைமை

தில்லியிலும் கான்பூரிலும் வாழும் நம் நேயர்கள், இந்தி பேசத் தொடங்கிய நாளிலேயே ஒன்றைக் கண்டிருப்பர். பேனாவை 'மேரே பாஸ்' என்பர். தம்பியை அவ்வாறு சொல்லுதல் மரபன்று. 'மேரா பாயீ' என்றே சொல்ல வேண்டும். தமிழிலும் பேனா 'என்னிடம்' இருக்கிறது. தம்பியோ 'எனக்கு' உண்டு. வட அட்லாண்டிக் கடலிலுள்ள ஐஸ்லாந்துத் தீவின் மொழியும் இத்தகைய வேறுபாட்டைப் போற்றுகிறது.

'எய்கா' என்னும் வினை உரிமையைக் குறிக்கும். 'யெக் ஔ பீல்' என்றால் எனக்குச் சொந்தமாகக் கார் உண்டு என்பது பொருள். ('யெக்' என்பது 'நான்'; 'ஔ' என்பது 'எய்கா'வின் தன்மை வடிவம்.) உற்றார் உறவினருக்கும் இவ்வினையே உரியது. 'வெரா மெத்' என்பதோ 'உடன் இருத்தல்'. 'யெக் எர் மெத் பென்னா' என்பவர் கையில் பேனா இருக்கிறது; அது யாருடையதாகவும் இருக்கலாம். காய்ச்சலும் இவ்வாறே: காய்ச்சலுடன் இருக்கிறேன் என்பர். நேரம் போன்ற அருவப் பொருள்களுக்கு 'ஹாவா' என்னும் மூன்றாம் வினை உண்டு.

புதிதாகப் பயில்வோர் முதலிரண்டையும் மயங்குதல் கூடாது. நண்பரிடம் இரவல் பெற்ற காரை ஓட்டிச் சென்று 'யெக் ஔ' என்பவர், தம்மையறியாமலே பிறர் பொருளுக்கு உரிமை கொண்டாடியவராவார். 'வெரா மெத்' என்றால் பழியில்லை.

'என்' என்னும் சொல் பெயருக்குப் பின்னே வரும். 'பிட்லின் மின்' என்பது 'அந்தக் கார் என்' என்னும் அமைப்பு. சுட்டுப் பொருள்படும் 'இன்' விகுதி காருக்கு உண்டு. உறவுப் பெயர்க்கு வேண்டுவதில்லை. தந்தை 'பப்பி மின்'. அன்னை 'மம்மா மீன்'. (நம் செவிக்கு இது சிரிப்பூட்டும், பெண்பாற்கு 'மீன்' என நீளுதலே காரணம்.) உறுப்புகளின் வழி வேறு. என் கை என்பதனை 'என்மேல் உள்ள கை' என்றே பேச்சில் கூறுவர்.

மக்கட் பெயரிலும் ஆறாம் வேற்றுமை குடிகொண்டிருக்கிறது. யோன் என்பாரின் மகன் யோன்சன், மகள் யோன்ஸ்தோத்திர். 1980-இல் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட விக்தீஸ் பின்போகாதோத்திர், பின்போகி என்பாரின் மகள். அவரை விக்தீஸ் என்றே நாட்டினர் அழைப்பர். தந்தை பெயரால் அழைப்பதில்லை. வெளிமாநில அலுவலகப் படிவத்தில் தந்தை பெயரைக் குடும்பப் பெயராக எழுதிவிட்டு, பின்னர் அப்பெயராலேயே அழைக்கப்பட்டுத் திகைத்த நம்மவருக்கு இவ்வழக்கத்தை விளக்கத் தேவையில்லை.